பேக் ஆடுறவன் கதை: மால்டினி பற்றிக் கேட்டவர்களுக்கு

கோல் அடிக்கிறவர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கோல் விழாமல் பார்த்துக்கொள்கிறவர்களில் யாரைப் பற்றியாவது கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஒரே ஆளைச் சுற்றித்தான்: இத்தாலியின் கால்பந்து வீரர் பாவ்லோ மால்டினி. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் பந்து தொடத் தெரிந்த எல்லோருக்கும் ஃபார்வேர்டு ஆடத்தான் ஆசை. ஆட்டம் சுமாராக இருக்கிறவனைப் பிடித்து பேக்கில் நிறுத்துவோம். மால்டினியும் அப்படி பேக்குக்குத் தள்ளப்பட்டவர்தானா? (தூத்தூர்)

உங்கள் ஊரில் மட்டுமா, உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் மால்டினி வீட்டில் கதை வேறு. அப்பா செசாரே மால்டினியே பெரிய டிஃபெண்டர், ஏசி மிலன் அணியின் கேப்டன். பின்களத்தில் நிற்பது அந்த வீட்டில் இரண்டாம் தர வேலையாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

பாவ்லோ 1968-ல் மிலன் நகரத்திலேயே பிறந்தவர். மிலனின் சிறுவர் அணிகளில் வளர்ந்து, 1985 ஜனவரி 20 அன்று ஊதினேசே அணிக்கு எதிராக ஊதினே நகரில் நடந்த லீக் ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கினார். வயது 16. இடைவேளையில் செர்ஜியோ பத்திஸ்தீனிக்கு பதில் ஒருவரை இறக்க வேண்டியிருந்தது. கோச் நில்ஸ் லீட்ஹோம் இந்தப் பையனை அனுப்பினார். லீட்ஹோம் யார் தெரியுமா? ஐம்பதுகளில் இதே மிலனில் செசாரேயோடு சேர்ந்து ஆடிய ஸ்வீடன்காரர். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அந்த சீசனில் லீக்கில் அவர் ஆடியது அந்த ஒன்றுதான். அடுத்த சீசனிலிருந்து இடம் உறுதி, அதற்கப்புறம் 2009 வரை அந்த இடத்தை யாரும் பிடுங்க முடியவில்லை.

கேள்வி: அப்பா கேப்டன், கோச் அப்பாவின் சிநேகிதர். இது சிபாரிசு இல்லையா? (கும்பகோணம்)

கேட்பீர்கள் என்று தெரியும். முதல் வாய்ப்புக்கு வேண்டுமானால் சிபாரிசு உதவும். 902 ஆட்டத்துக்கு எவனும் சிபாரிசு செய்ய முடியாது. மிலனுக்காக அவர் ஆடிய மொத்தம் அவ்வளவு. அதில் லீக் ஆட்டங்கள் மட்டும் 647. அந்த லீக் சாதனையை முறியடிக்க 2020-ல் பூஃபோன் வர வேண்டியிருந்தது, அவரும் கோல்கீப்பர்.

அப்பா பெயர் சுமையாகவும் இருந்திருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். செசாரே நிதானமாகப் பந்தைக் காலில் வைத்து ஆடுகிற ரகம். அந்த நிதானம் சில நாள் காலை வாரிவிடும், அந்த மாதிரிப் பிழைகளுக்கு இத்தாலியப் பத்திரிகைகள் அவர் பெயரையே வைத்துக் கேலி செய்தன. ஆனால் 1963-ல் வெம்ப்ளியில் யூசேபியோ ஆடிய பென்ஃபிகாவை 2-1 என்று வென்று, ஐரோப்பியக் கோப்பையை இத்தாலிக்கு முதன்முதலாகக் கொண்டுவந்த கேப்டனும் அவர்தான். சரியாக 40 வருஷம் கழித்து, 2003-ல், அதே இங்கிலாந்தில், மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் மகன் அதே கோப்பையை கேப்டனாகத் தூக்கினார். எதிரே யுவென்டஸ், 120 நிமிஷமும் கோல் இல்லை, பெனால்டியில் 3-2. ஆட்ட நாயகன் பாவ்லோ. கோலே விழாத ஒரு இறுதிப் போட்டிக்குப் பொருத்தமான ஆள்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1998 உலகக் கோப்பையில் இத்தாலியின் கோச் செசாரே, கேப்டன் பாவ்லோ. காலிறுதியில் பிரான்சிடம் பெனால்டியில் தோற்றார்கள். 2001-ல் சீசன் பாதியில் மிலனைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள அதே அப்பா வந்தபோது, நகரத்துப் பரம வைரியான இன்டர் மிலனை 6-0 என்று அடித்தார்கள். குடும்பத்தோடு போய் அடித்த மாதிரி!

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. வலது காலில் நன்றாக உதைப்பான். கோச் அவனை இடப்பக்கம் பேக் ஆடச் சொல்கிறார். பையன் அழுகிறான். மால்டினியும் இப்படித்தான் என்று கோச் சொல்கிறாராம், உண்மையா? (வியாசர்பாடி)

உண்மைதான் அம்மா. மால்டினி பிறவியில் வலது கால்காரர். வாழ்நாளின் பெரும்பகுதி ஆடியது லெஃப்ட் பேக்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பையனிடம் சொல்லிப் பாருங்கள். எதிரணியின் விங்கர், அதாவது ஓரமாக ஓடி ஆடுகிறவன், பந்தோடு வருகிறான். லெஃப்ட் பேக் அவனுக்கு நேராக நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால் இரண்டு பக்கமும் அவனுக்குத் திறந்த வாசல். இடது கால் ஒரு அடி பின்னால், வலது கால் முன்னால், உடம்பு பாதி கோட்டுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அப்படி நின்றால் "கோட்டோரமாகப் போறியா, போ" என்று வழி காட்டுவதாக அர்த்தம். அங்கே போனால் இடம் குறுகிக்கொண்டே போகும், கோலும் தூரமாகும். அவன் அதற்கு மசியாமல் உள்ளே வெட்டினால்? அந்தப் பக்கம்தான் வலது கால் காத்திருக்கிறது. ஆக, ஆபத்து அதிகமான பக்கத்துக்கு நல்ல கால் காவல் இருக்கிறது.

ஆனால் கோச் இன்னொரு பாதியையும் சொல்லியிருக்க வேண்டும். பந்து நம்மிடம் இருக்கும்போது லெஃப்ட் பேக் ஓரமாக ஏறிப்போய் இடது காலில் க்ராஸ் போட வேண்டும், அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் பந்தை அனுப்ப வேண்டும். வலது கால்காரன் அங்கே போய் நின்று, பந்தை உள்ளே இழுத்து, திரும்பி... அதற்குள் எதிராளிகள் எல்லோரும் வந்து நின்றுவிடுவார்கள். மால்டினி இடது காலை எந்த அளவுக்குப் பழக்கினார் என்றால், அவரை இடது கால்காரர் என்றே நம்பியவர்கள் நிறைய. அதனால் பையனை இடப்பக்கம் நிறுத்துவது தப்பில்லை, இடது காலுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்காமல் நிறுத்தினால்தான் தப்பு. சுவரில் அடித்துத் திரும்ப வாங்கும் பயிற்சியைத் தினமும் இடது காலால் மட்டும் செய்யட்டும். அழுகை சில மாதத்தில் நின்றுவிடும்.

கேள்வி: "நான் டேக்கிள் போட வேண்டி வந்தால், அதற்கு முன்பே தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம்" என்ற வரி மால்டினி படத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது எவ்வளவு தூரம் சரி? (திருப்பூர்)

டேக்கிள் என்றால் எதிராளியின் காலில் இருக்கும் பந்தைப் பாய்ந்து பறிப்பது. அந்த வரி பாதிதான் சரி என்பேன். அதைப் படித்துவிட்டு, ஏதோ வெள்ளை ஜெர்சியில் மண் படாமல் நின்ற மகான் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள், மனிதர் விழுந்து விழுந்து டேக்கிள் போடுகிறார். அதுவும் எப்படி? ஓடுகிற ஆளுக்குப் பக்கவாட்டில் சரிந்து, பந்தை மட்டும் கொக்கி போட்டு இழுத்து, அதே வேகத்தில் எழுந்து பந்தோடு நடக்கிற டேக்கிள். வெறுமனே கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ளுவதை விட இது ரொம்பக் கஷ்டம்.

ஆனாலும் அந்த வரிக்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, அது அவர் ஒருவரின் சாமர்த்தியம் இல்லை. 1987-ல் அரிகோ சாக்கி மிலனுக்குக் கோச்சாக வந்தார். தொழில்முறையில் பந்து ஆடாத மனுஷன், அதற்கு முன்னால் செருப்பு ஷூ விற்றவர். அன்றைய இத்தாலியில் டிஃபெண்டர் என்றால், உனக்கு ஒரு ஆள், அவன் பாத்ரூம் போனாலும் பின்னாலேயே போ, எல்லோருக்கும் பின்னால் ஒரு லிபெரோ நின்று மிச்சத்தைத் துடைப்பான். சாக்கி அதைத் தூக்கிப் போட்டார். ஆளைப் பார்க்காதே, பந்தைப் பார், பக்கத்தில் நிற்கும் நம்மாளைப் பார், இடத்தைப் பார். தசோட்டி, கோஸ்டாகூர்டா, பரேசி, மால்டினி என்று நான்கு பேரும் ஒரே கோட்டில் ஏறுவார்கள், ஒரே கோட்டில் இறங்குவார்கள். பந்து வைத்திருக்கிற எதிராளிக்கு நெருக்கடி வந்த நொடியில் நால்வரும் இரண்டு எட்டு முன்னால் வைப்பார்கள், ஃபார்வேர்டு ஆஃப்சைடில் (பந்து உதைக்கப்படும்போது டிஃபெண்டர்களைத் தாண்டி நிற்பது, அது தப்பு) தனியாக நிற்பான். பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் நடுவே இடைவெளி எப்போதும் சுருங்கியே இருக்க வேண்டும் என்பதற்காக, பயிற்சியில் பந்தே இல்லாமல் அணியை இங்கும் அங்கும் நகர வைப்பார்.

சாக்கி சொல்லும் கதை ஒன்று உண்டு. அணியின் நட்சத்திரங்களான குல்லிட்டும் வான் பாஸ்டனும் இந்த டிரில் எல்லாம் எதற்கு என்று முனகினார்களாம். சரி, ஒரு பக்கம் கோல்கீப்பர் ஜியோவன்னி கல்லியும் அந்த நான்கு டிஃபெண்டர்களும், ஐந்து பேர். இன்னொரு பக்கம் நீங்கள் பத்துப் பேர். 15 நிமிஷத்தில் ஒரு கோல் அடியுங்கள். பந்தைப் பறிகொடுத்தால் மறுபடி உங்கள் பாதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அடிக்க முடியவே இல்லையாம். இது திரும்பத் திரும்ப நடந்ததாம். பத்துப் பேரும் சாதாரண ஆட்கள் இல்லை, குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட் எல்லாம் அதில்!

1987-88 சீசனில் 30 லீக் ஆட்டத்தில் மிலன் வாங்கிய கோல் 14. லீக் பட்டம் வந்தது, அடுத்த இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை வந்தது. மால்டினிக்கு அப்போது 20, 21 வயது. டேக்கிள் தேவைப்படாத இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கும் புத்தி அவருக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வந்தது.

கேள்வி: அவர் ஆடியதில் ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் எது? (காரைக்கால்)

1994 மே 18, ஏதென்ஸ். சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பையின் புதுப் பெயர்) இறுதி, எதிரே பார்சிலோனா.

ஏன் என்று சொல்கிறேன். அரையிறுதியில் அட்டை வாங்கியதால் பரேசியும் கோஸ்டாகூர்டாவும் ஆட முடியாது. அதாவது நடுவில் நிற்கும் இரண்டு தூணும் இல்லை. வான் பாஸ்டன் காயத்தில். அந்தப் பக்கம் கோச் க்ரைஃப், முன்னால் ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ். பார்சிலோனா எத்தனை கோல் அடிக்கும் என்பதுதான் பேச்சு. கோச் ஃபேபியோ கபெல்லோ, லெஃப்ட் பேக் மால்டினியை நடுவுக்குக் கொண்டுவந்து ஃபிலிப்போ கல்லியோடு நிறுத்தினார், இடப்பக்கம் இளைஞர் பனுச்சியை விட்டார். முடிவு மிலன் 4, பார்சிலோனா 0. மஸ்ஸாரோ இரண்டு, சாவிசெவிச் கோல்கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட ஒன்று, டெசாய்லி ஒன்று. எல்லோரும் அந்த சாவிசெவிச் கோலைப் போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் ரொமாரியோவைப் பாருங்கள், அதாவது தேடுங்கள். அந்த வருஷம் உலகத்திலேயே ஆபத்தான ஃபார்வேர்டு அவர், ரெண்டு மாதத்தில் உலகக் கோப்பையையே வெல்லப்போகிறவர்.

அந்த சீசன் முழுக்கவே விசித்திரம். 34 லீக் ஆட்டத்தில் மிலன் அடித்தது 36 கோல்தான், ஆனால் வாங்கியது 15. ஆட்டத்துக்கு ஒரு கோல் அடித்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். பார்க்க சலிப்பாக இருந்தது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கேள்வி: தோல்விகளைப் பற்றியும் எழுதுங்கள் சார். எப்போதும் கோப்பைகளையே அடுக்குகிறீர்கள். (மட்டக்களப்பு)

தாராளமாக. இவருடைய தோல்விகளை அடுக்கினால் வேறு ஆளாக இருந்தால் ஆட்டத்தையே விட்டிருப்பார்.

இத்தாலிக்காக 126 ஆட்டம், கையில் ஒரு கோப்பை கிடையாது. 1990-ல் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் அரையிறுதியில் பெனால்டியில் வெளியேறினார்கள். 1994 இறுதியில் பிரேசிலிடம் பெனால்டியில் தோல்வி. 1998, மேலே சொன்ன பிரான்ஸ், அதுவும் பெனால்டி. 2000 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை, அதன் இறுதியில் கேப்டன் இவர். காயத்துக்கான கூடுதல் நிமிஷங்களும் முடியப்போகிற நேரத்தில் பிரான்சின் வில்டோர்ட் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ட்ரெஸகே கோல்டன் கோல், அதாவது விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் கோல். 2002 உலகக் கோப்பையில் தென்கொரியாவிடம், மறுபடி கோல்டன் கோல், அஹ்ன் ஜுங்-ஹ்வான் எம்பித் தலையால் முட்டியபோது பக்கத்தில் எம்பி எட்டாமல் போனவர் மால்டினியேதான். அதோடு தேசிய அணிக்கு முழுக்குப் போட்டார். நான்கு வருஷம் கழித்து, 2006-ல், இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. அதுவும் எப்படி, பிரான்சை, பெனால்டியில்! உலகக் கோப்பைகளில் 23 ஆட்டம், மொத்தம் 2,217 நிமிஷம் களத்தில் நின்றவர். 2022-ல் மெஸ்ஸி தாண்டும்வரை அது சாதனை. அத்தனை நிமிஷத்துக்கும் கைக்கு வந்தது ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம்.

அப்புறம் 2005 இஸ்தான்புல். லிவர்பூலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி தொடங்கி ஒரு நிமிஷம் ஆகவில்லை. பிர்லோவின் ஃப்ரீ கிக்கை வலது காலால் அப்படியே வாலி அடித்து உள்ளே தள்ளினார் மால்டினி. வயது 36, இறுதிப் போட்டியில் கோல் அடித்தவர்களில் மூத்தவர். இடைவேளையில் 3-0. யாராவது டீ குடிக்கப் போயிருந்தால் திரும்பி வரும்போது 3-3, ஜெரார்ட், ஸ்மிட்சர், அலோன்சோ என்று ஆறே நிமிஷத்தில் மூன்று. பெனால்டியில் லிவர்பூல். எனக்கு இதில் உறுத்துவது என்னவென்றால், கேப்டனும் டிஃபெண்டருமான ஒருவர் கோல் அடித்த அன்றைக்குத்தான் அவருடைய பின்வரிசை இப்படி ஆறு நிமிஷம் கலைந்துபோனது.

2007-ல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என்று வென்று, 38 வயதில் ஐந்தாவது முறையாக அந்தக் கோப்பையைத் தொட்டார். இஸ்தான்புல் காயம் அதில் ஆறியதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: 40 வயது வரை எப்படி ஆடினார்? டயட்டா, ஜிம்மா? (நாகர்கோவில்)

டயட், ஜிம் எல்லாம் எல்லோருக்கும் இருக்கிறது. 2000-க்குப் பிறகு மிலன் கிளப்பே வீரர்களின் உடலைக் கண்காணிக்கத் தனியாக ஒரு மையம் வைத்து, வயதானவர்களை ஆட வைப்பதில் பெயர் வாங்கியது. அது உதவியிருக்கும். ஆனால் என் கணிப்பில் அவரைக் காப்பாற்றியது, வேலையை மாற்றிக்கொள்ளத் தயங்காத குணம்.

இருபதுகளில் இடப்பக்கம் முழு மைதானத்தையும் ஓடி அளந்தவர். முப்பதைத் தாண்டியதும் சென்டர் பேக் ஆனார். அங்கே ஓட்டம் குறைவு, யோசனை அதிகம். காஃபு, நெஸ்டா, ஸ்டாம் மாதிரி ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள், தேவைப்பட்டபோது மறுபடி இடப்பக்கம் போனார். "நான் லெஃப்ட் பேக், என்னை எப்படி நகர்த்தலாம்" என்று கேட்கவில்லை.

அவர் ஆடிய காலத்தில் விதிகளே டிஃபெண்டர்களுக்கு எதிராக மாறிக்கொண்டிருந்தன, இதை யாரும் கவனிப்பதில்லை. 1990 வரைக்கும் கடைசி டிஃபெண்டருக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு. அதற்கப்புறம் சமமாக நின்றால் பரவாயில்லை என்றார்கள். சாக்கியின் பின்வரிசைக்கு அது எவ்வளவு பெரிய அடி! 1992-ல், காலால் திருப்பிக் கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றார்கள், நெருக்கடியில் தப்பிக்க இருந்த சுலபமான வழி போயிற்று. பந்தை ஒழுங்காகக் கையாளத் தெரியாத டிஃபெண்டர்கள் அம்பலமானார்கள். 1998-ல் பின்னாலிருந்து அபாயமாக டேக்கிள் போட்டால் சிவப்பு அட்டை என்று கறாராக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தலைமுறை டிஃபெண்டர்கள் காணாமல் போனார்கள். பந்தைக் காலில் வைக்கத் தெரிந்தவர், விழாமல் நிற்கத் தெரிந்தவர் என்பதால் இவருக்கு இந்த மாற்றங்கள் நல்லதாகவே முடிந்தன.

கடைசி வருஷங்களில் முழங்கால் படுத்தியது. அதையும் சொல்லாமல் விட்டால் ஏதோ மந்திரம் போல் ஆகிவிடும்.

கேள்வி: பேலன் டோர் ஏன் கிடைக்கவில்லை? (சேலம்)

வருஷத்தின் சிறந்த வீரருக்கான பரிசு அது. 1994-லும் 2003-லும் மூன்றாவது இடம். முதல் தடவை வென்றது ஸ்டோய்ச்கோவ், இரண்டாவது தடவை நெட்வெட். பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுகிற பரிசு, ஹைலைட்ஸில் வருகிறவனுக்குத்தான் ஓட்டு விழும். பெக்கன்பாவர், சாமர், கன்னவாரோ, இந்த மூன்று டிஃபெண்டர்கள்தான் வாங்கியிருக்கிறார்கள். அதில் முதல் இருவரும் பின்னாலிருந்து ஏறிவந்து ஆட்டத்தை நடத்திய லிபெரோக்கள். வெறும் தடுப்பாட்டத்துக்காக வாங்கியது கன்னவாரோ மட்டும், அதுவும் உலகக் கோப்பையைத் தூக்கிய வருஷத்தில்.

கேள்வி: 25 சீசன் ஒரே கிளப். இன்றைய வீரர்கள் காசுக்காக மாறிக்கொண்டே இருக்கும் காலத்தில் இவரது விசுவாசம் பெரிய பாடம் இல்லையா? (தஞ்சாவூர்)

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. 1986-ல் பெர்லுஸ்கோனி மிலனை வாங்கிய பிறகு உலகத்திலேயே பணக்கார கிளப்புகளில் அது ஒன்று. உலகத்தின் சிறந்த வீரர்கள் அங்கே வரத் துடித்துக்கொண்டிருந்த காலம். பிறந்த ஊர், நல்ல சம்பளம், ஏழு லீக் பட்டம், எட்டு ஐரோப்பிய இறுதி. இதை விட்டு எங்கே போவார்? இது விசுவாசம்தான், ஆனால் தியாகம் இல்லை. இடையில் 1996-97-ல் 11-வது இடம், அடுத்த வருஷம் 10-வது இடம் என்று கிளப் சரிந்தபோது நின்றாரே, பரேசிக்குப் பிறகு கேப்டன் பொறுப்பை அந்த நேரத்தில் ஏற்றாரே, அதற்கு வேண்டுமானால் கைதட்டலாம். தியாகம் வேண்டுமென்றால் பரேசியைப் பாருங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மிலன் இரண்டு தடவை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் கூடவே இறங்கினவர்.

அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். 2009 மே 24, மிலனின் சொந்த மைதானமான சான் சீரோவில் கடைசி ஆட்டம், ரோமாவிடம் 2-3 தோல்வி. ஆட்டம் முடிந்து மைதானத்தைச் சுற்றி வந்தபோது மற்ற எல்லா ஸ்டாண்டும் எழுந்து கைதட்டுகிறது. கட்டிங் எடுத்து ஒட்டுகிற, கொடி பிடிக்கிற, தங்களைத்தான் உண்மையான ரசிகர்கள் என்று நினைத்துக்கொள்கிற தெற்கு ஸ்டாண்டின் ஒரு பகுதி மட்டும் விசிலடித்துக் கேலி செய்தது; மால்டினிக்கு எதிராகவும் பரேசியைத் தூக்கிப் பிடித்தும் பேனர் வேறு. காரணம், அந்தக் கூட்டத் தலைவர்களிடம் இவர் ஒருநாளும் குழைந்து பேசியதில்லை. இஸ்தான்புல் தோல்விக்குப் பிறகே உரசல் இருந்தது. ஒரு வாரம் கழித்து உண்மையிலேயே கடைசி ஆட்டம், ஃபுளோரன்ஸில், ஃபியோரென்டினாவுக்கு எதிராக. அங்கே எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். சொந்த வீட்டில் விசில், அடுத்த வீட்டில் மாலை. கிளப்பின் பெயரில் சத்தம் போடுகிறவர்களும் கிளப்பும் ஒன்று இல்லை என்பதை அவர் அன்றைக்குக் காட்டினார், ஆனால் முகம் சுளிக்காமல் இல்லை. எரிச்சலோடுதான் வெளியே போனார். எனக்கு அதுதான் பிடித்தது.

கேள்வி: மால்டினியா, பரேசியா? ஒரு வார்த்தையில். (புதுச்சேரி)

பரேசி.

சரி, இன்னும் கொஞ்சம். 1994 உலகக் கோப்பையில் நார்வேக்கு எதிராக முழங்கால் சவ்வு கிழிந்து, ஆபரேஷன் செய்துகொண்டு, 24 நாளில் இறுதிப் போட்டிக்கு வந்து 120 நிமிஷம் ரொமாரியோவையும் பெபெட்டோவையும் கோல் அடிக்க விடாமல் நின்ற மனிதர். அதன் பிறகு பெனால்டியை வானத்துக்கு உதைத்தார், அது வேறு விஷயம். மால்டினி முழுமையான டிஃபெண்டர், பரேசி அந்தப் பின்வரிசையின் மூளை. இதற்குக் கடிதம் எழுதித் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்? கோச் ஆகவில்லையே? (மதுரை)

ஆகவில்லை. அப்பா பட்டதெல்லாம் பார்த்தாரே, போதும் என்றிருக்கலாம். 2018-ல் நிர்வாகியாக மிலனுக்குத் திரும்பி, அடுத்த வருஷம் டெக்னிக்கல் டைரக்டர் ஆனார். ரியல் மாட்ரிடில் இடமில்லாமல் இருந்த தியோ எர்னாண்டஸ் என்ற இளைஞரை இபிசா தீவில் நேரில் சந்தித்துப் பேசி அழைத்துவந்தார். அவரும் ஒரு லெஃப்ட் பேக், கவனியுங்கள். 2022-ல் 11 வருஷத்துக்குப் பிறகு மிலன் லீக் பட்டம் வென்றது. அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. 2023 ஜூனில் புது முதலாளிகள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: 3-ஆம் நம்பர் ஜெர்சி இப்போது யாரிடம்? மகன் ஆடுகிறாராமே, அவரும் டிஃபெண்டரா? (யாழ்ப்பாணம்)

யாரிடமும் இல்லை. அந்த நம்பரை மிலன் எடுத்து வைத்துவிட்டது, அவருடைய மகன்கள் யாராவது மிலனுக்கு ஆடினால் மட்டும் தருவோம் என்று ஒரு சலுகையோடு. இளைய மகன் டானியல் 2020-ல் மிலனுக்கு ஆட வந்தார், ஆனால் 3-ஐப் போட்டுக்கொள்ளவில்லை. லீக்கில் முதன்முறையாகத் தொடக்க பதினொன்றில் இறங்கிய அன்றைக்கே ஸ்பெசியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார், 2022 பட்டம் வென்ற அணியிலும் இருந்தார். தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் மிலனில் லீக் பட்டம். பிறகு வேறு கிளப்புகளுக்குப் போய், 2024-ல் இத்தாலி தேசிய அணிக்கும் ஆடிவிட்டார். டிஃபெண்டர் இல்லை, அட்டாக்கிங் மிட்ஃபீல்டர். தூத்தூர்க்காரர் சந்தோஷப்படுவார்.

கேள்வி: மால்டினி டென்னிஸ் வீரரும்கூட என்று ஒரு நண்பர் பந்தயம் கட்டுகிறார். நான் ஜெயிப்பேனா? (பெங்களூரு)

தோற்பீர்கள். 2017-ல், 49 வயதில், மிலனில் நடந்த ஒரு தொழில்முறைப் போட்டியில் இரட்டையர் பிரிவில் தன் பயிற்சியாளரோடு சேர்ந்து இறங்கினார். முதல் சுற்றிலேயே 6-1, 6-1 என்று தோற்று வெளியே வந்தார்.